கன்னிக்காலும் குருதியோட்டப் படமும்

"இழையப் பொறியியல் படிப்பிப்பீங்களோ ரீச்சர்?" என்று அந்த அக்கா கேட்டார். "ஓம்" என்றேன். அப்படி ஒரு பாடம் உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அந்த வருடம் யார் எதைக் கேட்டாலும் நான் ஓம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏ-ஒன்பது வீதி திறந்து, வேட்டுச் சத்தம் நின்று, கிளிநொச்சியில் ஐஸ்கிறீம் விற்கத் தொடங்கியிருந்த காலம். ஐஸ்கிறீம் விற்கிற ஊரில் இருந்துகொண்டு மாட்டேன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். அந்த அக்கா சின்ன வயதில் ஊரை விட்டுப் போய், வெளிநாட்டில் மனித உடம்பையும் இயந்திரத்தையும் சேர்த்துப் படித்துப் பொறியியலாளர் ஆனவர். விடுமுறையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். தோலின் மேல் ஒரு சின்னக் கட்டையை வைத்து அழுத்தினால், உள்ளே குருதி ஓடுவதைத் திரையில் நிறமாகக் காட்டி, அதன் சத்தத்தையும் கேட்க வைக்கிற மெசின் அது. ஒரு கிழமைப் பயிற்சி. ஆஸ்பத்திரித் தாதியருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய மாணவர்களுக்கும் அவர் குருதியோட்டப் படத்தைச் சொல்லிக்கொடுப்பார். கடைசி நாள் இழையப் பொறியியல் என்னுடையது. "எனக்குத் தமிழ் ஏழாம் வகுப்போட நிண்டிட்டுது. நீங்கள்தான் சனத்துக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுவீங்கள்" என்று சொல்லி என்னை வேப்பமரத்துக்குக் கீழே இருத்தி ஒரு பின்னேரம் முழுக்கப் படிப்பித்தார்.

விஷயம் இவ்வளவுதான். உடம்பின் இழையத்தில், தோலோ எலும்போ தசையோ, ஒரு துண்டு பழுதாகிவிட்டால், ஓட்டை ஓட்டையாக ஒரு சட்டகம் செய்ய வேண்டும். அதில் உயிருள்ள கலங்களை, அதாவது உயிரணுக்களை, விதைக்க வேண்டும். பூஞ்சணம் பிடிக்காமல் காத்து, ஊட்டமுள்ள நீரைச் சொட்டுச் சொட்டாக ஓட விட்டால், கலங்கள் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு பெருகிப் புதுத் தோலாகும், எலும்பாகும். கேட்கக் கேட்க எனக்குப் புழுகம் தாங்கவில்லை. வீட்டுக்குச் சைக்கிளில் போனேனா பறந்து போனேனா என்று தெரியாது. வழியில் இரண்டு ஆடுகளுக்கு மணி அடித்து இழையப் பொறியியலைச் சொல்லிக்கொண்டே போனேன்.

வீட்டில் அம்மா வேறு ஒரு பொறியியல் செய்துகொண்டிருந்தா. நோர்வேயில் இருக்கிற என் அண்ணா, அங்கேயே தன் கூட்டாளி ஒருவரை எனக்குப் பார்த்திருந்தார். நல்ல பிள்ளை, நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தா. அந்தக் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, அண்ணாவுக்கு ரெலிபோனில் ஓம் சொல்வதாக முடிவு.

"எனக்கு இஞ்ச வேலை கிடக்கு அம்மா" என்று நான் முனகினேன்.

"வேலை கிடக்கும். இந்தச் சமாதானம் எத்தினை நாளைக்குக் கிடக்கும்?" என்று அம்மா கேட்டா. "ஒரு பிள்ளையாவது சத்தமில்லாத இடத்திலை நித்திரை கொள்ளட்டும்."

அப்பா செத்த பிறகு என்னை இழுத்துக்கொண்டு எத்தனை ஊர் இடம்பெயர்ந்தவ. அவவோடு என்ன வாதாடுவது? ஆனால் நான் நோர்வேக்குப் போக மாட்டேன் என்பதற்கு வேலை மட்டும் காரணமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காரணம் ஒரு மெக்கானிக்.

ஆஸ்பத்திரிக் கருவிகளைத் திருத்துகிறவர் அவர். பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து பூவரசங்குளத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் அங்கே பிறந்தவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை கதைப்பார்; அதில் இரண்டு 'சரி ரீச்சர்'. கலங்களைப் பெரிதாக்கிக் காட்டுகிற எங்கள் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியின் விளக்கு பழுதானபோது முதன்முதலில் வந்தார். அது இன்னொரு தரம் பழுதானால் என்ன என்று நான் நினைத்தேன். அந்த விசுவாசமான நுணுக்குக்காட்டி மாதத்துக்கு ஒரு தரம் பழுதானது. அவரும் முகம் சுளிக்காமல் வந்தார். ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைப் பற்றி மட்டும் கதைக்கிற மனிசனை நம்பி நோர்வேக்கு எப்படி இல்லை என்று சொல்வது? பொங்கல் முடிவதற்குள் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அம்மா வற்றாப்பளைக்கு பஸ் ஏறிய அன்றே நான் முற்றத்தில் இழையப் பொறியியலைத் தொடங்கினேன். அவ இருந்தால் தன் முற்றத்தைக் குப்பையாக்க விடமாட்டா. சட்டகத்துக்கு, கூரையில் முற்றிக் காய்ந்து கிடந்த பீர்க்கங்காய்களின் தோலை உரித்து, உள்ளே இருந்த நார்க்கூட்டை எடுத்தேன். வகுப்பில் ஐந்து குழு, ஆகவே ஐந்து மண்சட்டி. ஒவ்வொரு சட்டியிலும் ஒரு நார்க்கூடு. கலங்களுக்குப் பதிலாகத் தானியம். தோலுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, தசைக்கு ஒன்று என்று குசினியில் கிடந்த பயறு, உழுந்து, நெல், எள்ளு, கடலை எல்லாவற்றையும் ஊறவைத்து நாரின் மேல் தூவினேன். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பெயர்த்துண்டு கட்டச் சட்டியின் கழுத்தில் நூல் சுற்றினேன். அந்த நூலும் மஞ்சளாகிவிட்டது. ஊட்டத்துக்குப் பாலும் தண்ணீரும் கலந்தேன். எல்லாம் சுத்தமான விஞ்ஞானம்.

பாலைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்குத்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கூப்பிடச் சாட்டுக் கிடைத்ததே என்று மனதுக்குள் துள்ளினேன். அவர் கழுவிய சேலைன் போத்தலும் குழாயும் கொண்டு வந்தார். போத்தலைத் தொங்கவிட ஒரு தடி வேண்டும். வேலியில் நின்ற முள்முருக்கில் ஒரு கொப்பை வெட்டி, அலவாங்கால் குழி தோண்டி, முற்றத்தில் நட்டார். வெயிலில் பால் திரைந்துவிடும் என்று மாவிலைக் கொத்து ஒன்றைத் தடியின் தலையில் கட்டினார்.

"சரி ரீச்சர்" என்றார். போய்விட்டார். கோபத்தில் நான் பால் தண்ணீரை என் காலில் ஊற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் முளை கண்டது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. பார்த்தவவின் கண் தடிக்குப் போய், சட்டிகளுக்கு வந்து, திரும்பவும் தடிக்குப் போனது.

"என்ன பிள்ளை, முளை போட்டாச்சோ?"

"ஓம் மாமி. என்ன வடிவாய் வருது பாருங்கோ!"

"அம்மா இல்லாமலோ?"

"அம்மா நிண்டால் விடமாட்டா மாமி. அதுதான் அவா அங்கால போன கையோட போட்டனான்."

மாமி நெஞ்சில் கை வைத்தா. "கால் நட்டது ஆர்? அந்த ஆஸ்பத்திரித் தம்பியோ?"

"ஓம், அவர்தான். அவர் இல்லாட்டி எனக்கு ஒண்டும் ஓடாது மாமி" என்றேன், மெய்யாகவே மனம் நெகிழ்ந்து. "வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் காட்டப்போறம். நீங்களும் வாங்கோ."

"சொன்னால் வராமல் விடுவனே" என்று மாமி மெல்லமாய்ச் சொல்லிவிட்டு உள்ளே போனா. என் பாடத்தில் அவவுக்கு இவ்வளவு அக்கறையா என்று நான் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

எங்கள் ஊரில் கலியாணம் என்றால், சில நாள் முன்னம் தாலிக்குப் பொன் உருக்குவார்கள். அன்றைக்கு முற்றத்தில் முள்முருக்கம் தடி நட்டு மாவிலை கட்டுவார்கள். அதுதான் கன்னிக்கால். மண்சட்டிகளில் நவதானியம் தூவி, பாலும் தண்ணீரும் தெளிப்பார்கள். அது முளைப்பாலிகை. ஓடி ஒளித்து, பதிவுக் கலியாணமே பெரிதென்று இருந்த வருடங்களில் வளர்ந்தவள் நான். இதெல்லாம் சின்ன வயதில் ஒரு தரம் கண்டிருப்பேன், அதுவும் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று. பீர்க்கம் நாரும் சேலைன் போத்தலும்தான் என் கண்ணில் நின்றன. மாமியின் கண்ணிலோ அவை இரண்டையும் தவிர எல்லாம் நின்றன.

அடுத்த நாள் மாமியின் தங்கச்சி பொங்கலுக்கு பஸ் ஏறினா.

இதற்கிடையில் பயிற்சி தொடங்கிவிட்டது. எங்கள் பள்ளிக்கூட மண்டபம், வெளியே ஜெனரேற்றர், அதன் பக்கத்தில் மெக்கானிக். முதல் நாளே சிக்கல். தோலுக்கும் அந்தக் கட்டைக்கும் இடையில் பூசுகிற களி, வழியில் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டது. அக்கா தலையில் கை வைத்தார். நாங்கள் கற்றாழை மடலைக் கீறி வழித்துக் கொடுத்தோம். மெசினுக்கு அது பிடித்துப்போனது. பயிற்சி முடியும்வரை கிளிநொச்சித் தாதியரின் கழுத்தெல்லாம் பளபளவென்று மினுங்கியது.

திரையில் சிவப்பும் நீலமும் கண்டதும் தாதியர் சண்டை பிடித்தார்கள். சிவப்பு நல்ல குருதி, நீலம் கெட்ட குருதி என்று ஒரு கட்சி. அக்கா சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தினார். நிறம் குருதியின் நிறமே இல்லை. கட்டையை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான். கட்டையைத் திருப்பிப் பிடித்தார். சிவப்பு நீலமாகியது. "அட, எங்கட சனம் மாதிரி. நிக்கிற பக்கத்தைப் பொறுத்துத்தான் நிறம்" என்று ஒரு மூத்த தாதி சொல்ல, மண்டபமே குலுங்கியது.

பொங்கல் முடிந்த மறுநாள் கழுத்து நாடியைப் பார்க்கிற பாடம். வாங்குப் பலகையில் படுக்க ஆள் வேண்டும். எல்லாரும் வெட்கப்பட்டார்கள். எதற்கும் ஓம் சொல்கிறவள் நான்தானே, ஏறிப் படுத்தேன். ஜெனரேற்றர் கம்பி கொஞ்சம் கரைச்சல் கொடுத்ததால் மெக்கானிக்கும் உள்ளே வந்து மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா கட்டையை என் கழுத்தில் வைத்தார். ஷுக்… ஷுக்… ஷுக்… என் குருதி மண்டபம் முழுக்கக் கேட்டது. கிணற்றில் துணி அலசுகிற சத்தம். "நல்ல அமைதியான ஓட்டம்" என்றார் அக்கா.

அப்போதுதான் அம்மா வந்து வாசலில் நின்றா. நெற்றியில் வற்றாப்பளைத் திருநீறு, கையில் பை, முகத்தில் அம்மன்.

"ஆரடி அவன்?"

ஷுக்ஷுக்ஷுக்ஷுக் என்றது மெசின்.

"என்ரை பிள்ளைக்குப் பொன்னுருக்கின கதையை நான் கோயில் வரிசையிலை நிண்டு கேட்டறியவேணுமோ? வாழ்த்துக்கள் எண்டு வந்து கையைப் பிடிக்கிறா பக்கத்து வீட்டாவின்ரை தங்கச்சி! கன்னிக்கால் நட்டாச்சாம், முளைப்பாலிகை போட்டாச்சாம், வெள்ளிக்கிழமை கலியாணமாம்!"

படுத்த படுக்கையில் எனக்கு எல்லாம் விளங்கியது. தடி, மாவிலை, சட்டி, பால், மஞ்சள். ஐயோ கடவுளே என்று எழும்பப் பார்த்தேன். "அசையாதேங்கோ, அசையாதேங்கோ! எல்லாரும் திரையைப் பாருங்கோ, வேகம் எப்பிடிக் கூடுது!" என்று அக்கா என் தோளை அமத்தினார். அவருக்குக் கலியாணமும் விளங்கவில்லை, கன்னிக்காலும் விளங்கவில்லை. இப்படி ஒரு உதாரணம் இனிக் கிடைக்காது என்பது மட்டும் விளங்கியது.

"அது பாடம் அம்மா! இழையம்!" என்று கத்தினேன்.

"கண்டறியாத இழையம்" என்றா அம்மா. அவவின் பார்வை மண்டபத்தைச் சுற்றி வந்தது. பெரிய மாணவர்கள் மேசைக்குக் கீழே பேனை தேடினார்கள். பார்வை ஒவ்வொருவராகத் தாண்டி மெக்கானிக்கில் வந்து நின்றது. நான் மூச்சை அடக்கினேன். மெசின் அடக்கவில்லை. ஷுக் என்பதற்கும் ஷுக் என்பதற்கும் இடையில் இடமே இல்லாமல் ஒரே இரைச்சலாக ஓடியது. அம்மா பார்வையை வேறு பக்கம் திருப்பினா. சத்தம் கொஞ்சம் தணிந்தது. திரும்பவும் அவரைப் பார்த்தா. திரும்பவும் இரைந்தது. அம்மா வேண்டுமென்றே இன்னொரு தரம் செய்து பார்த்தா. எனக்கு விஞ்ஞானம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்தப் பெட்டி என்ன சொல்லுது?" என்று கேட்டா.

"அதுதான் தெளிவாய்ச் சொல்லுதே அம்மா" என்றா மூத்த தாதி.

ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே விழுங்காதா என்றிருந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் என் கழுத்து கத்திக்கொண்டிருக்க, அந்த மனிசன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு கம்பியைக் கீழே வைத்தார். "எழும்புங்கோ ரீச்சர்" என்றார். நான் எழும்ப, அவர் போய் வாங்கில் படுத்தார்.

"என்ரையையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார் அக்காவிடம்.

கற்றாழை பூசி, கட்டையை வைத்தார்கள். அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தா. ஷுக்… … ஷுக்… … ஷுக். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிற மாட்டுக்குக்கூட அப்படி ஓடாது. நோர்வே பரவாயில்லை, உடனே போகலாம், இப்போதே பிளேன் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

"இவருக்கு ஒண்டும் இல்லைப்போல கிடக்கே" என்றா அம்மா.

"எனக்கு ஏன் அம்மா பதறவேணும்?" என்று மெக்கானிக் படுத்தபடியே கேட்டார். "நான் போன வருசமே முடிவெடுத்திட்டன். ரீச்சரைத்தான் கட்டுறது, இல்லாட்டி ஆரையும் இல்லை. நுணுக்குக்காட்டி விளக்கு அவ்வளவு தரம் பழுதாகாது எண்டு எனக்குத் தெரியாதே? அவ கேக்கட்டும் எண்டு இருந்தன்."

இத்தனை வார்த்தையை அவர் சேர்த்துக் கதைத்து நான் கேட்டதேயில்லை. மண்டபம் ஆர்ப்பரித்தது. மாணவர்கள் மேசையில் தட்டினார்கள். அக்கா கட்டையைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்தார். நான் கேட்டிருக்க வேண்டுமாம்! ஒரு வருடமாக விளக்கைத் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறார், நான் கேட்கட்டும் என்று! சந்தோசமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்ததில், அவருடைய கழுத்தைத் துடைக்க வைத்திருந்த துண்டை அவர் முகத்தில் எறிந்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனா. வழியில் ரெலிபோன் எடுக்கிற கடை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பின்னேரம் வீட்டுக்குப் போனபோது குசினியில் அடுப்போடு மட்டும் கதைத்தா. "அண்ணாவுக்கு எடுத்தனீங்களோ?" என்று கேட்டேன். "எடுத்தன்" என்றா. "என்ன சொன்னனீங்கள்?" "புளி எங்க வைச்சனி?" என்றா.

ஊர் உறவு தெரியாத குடும்பம் என்று சொல்லுவா. இந்த மண்ணில் இருந்தால் திரும்பவும் ஓடவேண்டி வரும் என்று சொல்லுவா என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மறுமொழி தயாரித்து வைத்திருந்தேன். அவ புளியைக் கரைத்துக்கொண்டிருந்தா. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் பாடம். முற்றத்துக்கு ஓடினேன். சட்டிகளைக் காணவில்லை. போத்தலும் குழாயும் தனியாகத் தொங்கின. எறிந்துவிட்டாவோ என்று வேலிக்கரையெல்லாம் தேடினேன். உள்ளே வந்தால், சாமியறையில், விளக்குக்கு முன்னால் ஐந்து சட்டியும் வரிசையாக இருந்தன. முளை ஒரு விரல் உயரம். நாரின் ஓட்டைகளுக்குள்ளால் வேர் பின்னிப் பிணைந்து வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா கையால் பால் தெளித்துக்கொண்டிருந்தா.

"அம்மா, உந்தச் சட்டியளை நான் வகுப்புக்குக் கொண்டு போகவேணும்."

"போட்ட முளைப்பாலிகையை ஆரும் வாசல் தாண்டிக் கொண்டு போவினமோ?" என்று திரும்பாமலே கேட்டா. "வேணுமெண்டால் உன்ரை வகுப்பை இஞ்ச கூட்டிக்கொண்டு வா."

கூட்டி வந்தேன். தாதியர், மாணவர், அக்கா எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். சாமியறை கொள்ளாமல் முற்றம்வரை நின்றார்கள். மாமியும் வந்தா, பட்டுச் சேலையோடு. நான் ஒரு நார்க்கூட்டை உயர்த்திப் பிடித்து, வேர் நாரை எப்படிப் பிடித்திருக்கிறது, நார் இல்லாவிட்டால் முளை எப்படிச் சரிந்துவிடும், ஓட்டம் நின்றால் நடுவில் உள்ளது எப்படி முதலில் பட்டுப்போகும் என்று சொல்லச் சொல்ல, அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தா. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பாடம் நான் படிப்பித்ததில்லை. படிப்பித்தது என்ன என்று எனக்குப் பாதி நினைவில்லை.

மெக்கானிக் சேலைன் குழாயைக் கழற்றப் போனார். அம்மா தேத்தண்ணித் தட்டோடு படலை வாசலடியில் நின்று அவரையும் தடியையும் பார்த்தா.

"தம்பி" என்றா.

அவர் நிமிர்ந்தார்.

"கால் நடுறதெண்டால் ஈசான மூலையிலை நடவேணும். நீங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலை நட்டு வைச்சிருக்கிறியள். பிடுங்கி அந்த மூலையிலை நடுங்கோ. நான் இவளின்ரை அண்ணாவுக்கும் சொல்லிப்போட்டன், உனக்குக் கலியாணத்துக்கு வரேலாட்டிப் படம் அனுப்பிறன் எண்டு."

அவர் "சரி அம்மா" என்று சொல்லவில்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு ஈசான மூலைக்குப் போனார். இரண்டு குத்துக் குத்தினார். மூன்றாவதில் அலவாங்கு கைநழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார், திரும்பவும் விழுந்தது. நான் கிட்டப் போய் அவருடைய மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தேன்.

"அக்கா, மெசினைக் கொண்டு வாங்கோ!" என்று கத்தினேன்.